ஒரே காரில் ஆணையும் ஆர்ப்பாட்டமும்

மயிலாப்பூர் சங்கீத வாத்தியார் ஒருவரின் மகளான மதுவந்தி, ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த முப்பத்தோரு ஆண்டுகளில் பத்தொன்பது முறை இடம் மாறினார். அவற்றில் எத்தனை மாற்றல் தன் வேலையைப் பார்த்துச் செய்தது என்று கேட்டால், யோசித்துவிட்டு இரண்டு என்பார். மற்றதெல்லாம் கணவர் ராஜகோபாலனின் கட்சி நிலவரம்.

ராஜகோபாலன் தி.நகரில் வக்கீலாகத் தொடங்கி, நான்கு கட்சிகளில் கொள்கை விளக்கியவர். அவர் இருக்கும் கட்சி ஜெயித்தால் மதுவந்திக்குக் கடல் தெரியும் அறை. தோற்றால் பெருங்குடியில் ஒரு வாடகைக் கட்டடம். ஜன்னலைத் திறந்தால் குப்பைமேடு. நல்ல பதவி வந்தால், தான் ஒரு வார்த்தை சொல்லிவைத்ததாகச் சொல்வார் ராஜகோபாலன். மோசமானது வந்தால், மனைவியின் நேர்மைக்குக் கிடைத்த தண்டனை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் வருத்தப்படுவார்.

அரசு அதிகாரி அரசியல் பேசக்கூடாது என்பது விதி. வீட்டிலும் மதுவந்தி அதைச் சிரமமில்லாமல் கடைப்பிடித்தார். பேச இடைவெளி கிடைத்தால்தானே.

நொச்சிக்குப்பத்தைத் தாண்டி ஒரு சிறு குப்பத்தில் சாலையோர மீன்கடைகளை அகற்றும் வேலை ஒருமுறை அவரிடம் வந்தது. கடைக்காரர்களுக்காகக் கட்டிய புது அங்காடியில் தண்ணீர் வடிய வழியில்லை, முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும் என்று கோப்பில் எழுதினார். மேலிடம் அதைப் படித்துவிட்டு, நாளையே அகற்றச் சொன்னது. மதுவந்தி கையெழுத்துப் போட்டார். எதிலும் கையெழுத்துப் போட மறுக்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

ராஜகோபாலன் அப்போது எதிர்க்கட்சி. பெருங்குடி மாற்றல் இன்னும் வந்து சேரவில்லை. அன்று மாலை காபி குடிக்கும்போது கேட்டார்.

"நாளைக்கு புல்டோசர் எத்தனை மணிக்கு வர்றது, மது?"

"அதெல்லாம் சொல்லப்படாது."

"டிவிக்காரா கேக்கறா. எனக்கும் சுகர் இருக்கோல்லியோ, ஆறு மணியிலேர்ந்து ரோட்ல படுத்துண்டு இருக்க முடியாது."

மதுவந்தி காபி டம்ளரைக் கழுவி வைத்தார். பிறகு பத்தரை என்றார். டிபன் சாப்பிட்டுவிட்டுப் போகும்படியும் சொன்னார்.

மறுநாள் ராஜகோபாலனின் கார் சர்வீஸுக்குப் போயிருந்தது. மனைவியின் அரசு காரிலேயே வந்து, கலங்கரை விளக்கத்தருகே இறங்கிக்கொண்டார். பத்தரைக்கு புல்டோசர் வந்ததும் துண்டை விரித்து அதன் முன்னால் படுத்தார். அதிகாரி மதுவந்தி பதவி விலக வேண்டும் என்று தொண்டர்கள் கத்த, அவரும் கூடவே கத்தினார்.

மீன் விற்கும் தேசம்மா கத்தவில்லை. கூடையை ஓரமாக வைத்துவிட்டு மதுவந்தியிடம் வந்தார்.

"லைட்டவுஸாண்ட அவுரு உன் வண்டியிலேர்ந்துதான் எறங்குனாரு. பாத்துக்கினுதான் இருந்தேன்" என்றார். "ஆர்டர் உன்னுது, கோஷம் அவுருது. எங்களுக்கு இன்னா கீது மேடம்?"

மதுவந்திக்கு முகம் சுட்டது. புல்டோசரைத் திருப்பி அனுப்பிவிட்டு, சட்டம் ஒழுங்கு காரணமாக என்று எழுதினார். வெட்கம் காரணமாக என்று எழுதும் வழக்கம் கோப்புகளில் இல்லை.

மாலைக்குள் ராஜகோபாலனுக்கு 'மீனவர்களின் காவலர்' என்று போஸ்டர் ஒட்டியாயிற்று. மதுவந்தியைப் பெருங்குடிக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து வேறொரு அதிகாரி கடைகளை அகற்றினார். குறுக்கே யாரும் படுக்கவில்லை. ராஜகோபாலன் அந்த வாரம்தான் ஆளுங்கட்சியில் சேர்ந்திருந்தார்.

கடல் தெரியும் அறை மறுபடி வந்தது. மதுவந்தி அதில் போய் உட்காராமல் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்தார். இப்போதுதானே நம் ஆத்துக்கு நல்ல காலம் என்று ராஜகோபாலன் பத்து நாள் புலம்பினார். ஆனாலும் பிரிவு உபசார விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்து, குடும்பத் தலையீடே இல்லாத முப்பத்தோரு ஆண்டுப் பணி என்று புகழ்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். மதுவந்தி மட்டும் சிரித்துவிட்டார்.

அடுத்த வாரமே அங்காடிக்குப் போனார். கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று தேசம்மா சங்கரா மீன் விற்றுக்கொண்டிருந்தார்.

"வேல போனப்புறம் வந்துகினியா?"

ஆமாம் என்றார் மதுவந்தி. அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, தண்ணீர் வடிய வழி கேட்டு மனு எழுதினார்.

இதுவரை ஆறு மனுக்கள் போயிருக்கின்றன. ஆறுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்றே பதில். கையெழுத்து, மதுவந்தியிடம் பயிற்சி பெற்ற இளம் அதிகாரியுடையது. அந்த வாக்கியத்தை எழுதக் கற்றுக் கொடுத்தவரும் மதுவந்திதான். ஏழாவதை மதுவந்தியும் தேசம்மாவும் திங்கட்கிழமை அந்த அதிகாரியிடம் நேரில் கொடுக்கப் போகிறார்கள். மீன்கூடையோடு வருவதாகத் தேசம்மா சொல்லியிருக்கிறார்.