நூம்பல் மீன்தொட்டியிலிருந்து கிண்டிக்கு ஒரு நட்சத்திர ஆமை

போன சனிக்கிழமைப் பயணம் மலைக்கும் இல்லை, கடலுக்கும் இல்லை. திருமுல்லைவாயிலிலிருந்து நூம்பல், அங்கிருந்து கிண்டி. மொத்தம் 32 கிலோமீட்டர். எல்லாம் என் தம்பி லூர்து செய்த வேலை. நூம்பலில் புது ஃபிளாட் வாங்கினான், ஃபாதரைக் கூப்பிட்டு வீட்டை மந்திரிக்க வைத்தான். அது போதாதாம்! ராசிக்கு என்று ஒரு நட்சத்திர ஆமையையும் வாங்கி, வாட்ஸப்பில் பெருமையாகப் படம் அனுப்பினான். மீன்தொட்டியில், பாதித் தொட்டித் தண்ணீரில்!

நட்சத்திர ஆமை தரையில் வாழ்வது, புல் தின்பது. அதற்கு நீச்சல் தெரியாது. வீட்டில் வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். அன்றே வனத்துறைக்குப் போன் செய்தேன், கிண்டி அலுவலகத்துக்குக் கொண்டு வரச் சொன்னார்கள். எப்படியாவது அது மறுபடி காட்டுக்குப் போக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

காலை 7.40க்கு ஆட்டோ ஏறினேன். அம்பத்தூர் எஸ்டேட், பைபாஸ், வானகரம், வேலப்பன்சாவடி வழியாக 15 கிலோமீட்டர், 280 ரூபாய். வானகரம் சிக்னலில் மட்டும் பதினெட்டு நிமிடம் நின்றோம்.

ஆமை தொட்டிக்குள் இருந்த ஒரே கல்லின் மேல் ஏறி, மூக்கை மேலே நீட்டிக்கொண்டு கிடந்தது. மூக்கில் நுரை.

"யக்கா, டெய்லி தண்ணி மாத்துறேன், மீன் தீனி போடுறேன். இன்னா கொற?" என்றான் லூர்து.

"உன்னத் தூக்கிக் கெணத்துல போட்டு வேளாவேளைக்குச் சோறு போட்டா நல்லா இருப்பியாடா?"

கூட வரச் சொன்னேன். கேஸ் போட்டுவிடுவார்களாம், வரமாட்டானாம். அட்டைப் பெட்டியில் ஓட்டை போட்டு, காய்ந்த துண்டு விரித்து, ஆமையோடு 9.30க்கு அடுத்த ஆட்டோ பிடித்தேன். போரூர் வழியாகக் கிண்டி 17 கிலோமீட்டர், 420 ரூபாய்.

பெட்டியில் என்ன என்று ஓட்டுநர் கேட்டார். சொன்னேன்.

"இதுக்கா அம்மாந் தூரம்? போரூர் ஏரியாண்ட நிறுத்துறேன், உட்டுட்டுப் பூடு. புண்ணியம்."

"அண்ணா, இது தண்ணில முழுவிடும்!"

"ஆமை முழுவுமா? இன்னாக்கா காமெடி பண்ற!"

உள்ளபடியே வண்டியை ஓரம் கட்டிவிட்டார் மனிதர். நல்ல எண்ணம்தான், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அழாத குறையாகக் கெஞ்சிக் கிளப்பினேன்.

கிண்டி அலுவலகத்துக்குள் நுழைந்தபோது 10.35. மருத்துவர் பார்த்துவிட்டு, நெஞ்சில் சளி, பிழைத்துவிடும் என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அடுத்து அதிகாரி அம்மா ஒரு கேள்வி கேட்டார்: "இது எந்தக் காட்டுல புடிச்சதுங்க?"

அது தெரிந்தால் அங்கேயே கொண்டுபோய் விடலாமாம். தெரியாமல் வேறு காட்டில் விட்டால் அங்கிருக்கும் ஆமைகளுக்கு நோய் தொற்றலாம், இனமும் கலந்துவிடும். அதனால் ஆயுள் முழுக்க அடைப்பில்தான். விற்றவனைக் கேட்டால்தான் பிடித்தவன் யார் என்று தெரியும். லூர்துவுக்குப் போன் போட்டேன். விற்றது அவனோடு ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடும் நண்பனாம்.

"அவன் மாட்டிப்பான்க்கா."

"அந்த ஆமை ஏற்கெனவே மாட்டிக்கினு கீதேடா!"

போனை வைத்துவிட்டான். படிவத்தில் 'பிடித்த இடம்' என்ற கட்டத்தில் அந்த அம்மா 'தெரியவில்லை' என்று எழுதினார்.

நீங்களும் இப்படி எதையாவது ஒப்படைக்கப் போவதானால், முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போங்கள். அடையாள அட்டை வேண்டும். நட்சத்திர ஆமை என்றால் பெட்டியில் தண்ணீர் வேண்டாம். வழியில் யார் என்ன சொன்னாலும் ஏரியில் விடாதீர்கள். பாவம் பார்த்துக்கூட விலைக்கு வாங்காதீர்கள், விற்றவன் மறுநாளே இன்னொன்றைப் பிடித்துவரச் சொல்வான். முக்கியமாக, விற்றவர் பெயரைக் கையோடு கொண்டுபோங்கள்.

அந்தக் கட்டத்தை இன்னும் திருத்தலாம் என்று அதிகாரி அம்மா சொல்லியிருக்கிறார். இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. லூர்து, நான் எழுதுவதையெல்லாம் முதல் ஆளாகப் படிப்பவன் நீதான். அவன் நம்பரை அனுப்புடா.