தூங்காத மல்லாட்டைச் செடி

இன்று விழுப்புரத்தில் பஸ் ஏறியதுமே லேப்டாப்பைத் திறந்துவிட்டேன். ஒரு விதைக் கம்பெனியின் அனிமேஷன் விளம்பரத்துக்கு மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை வயல். இலைகளைக் கையால் வரைந்து, அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் உருவாக்கிய கொல்லைமேல் போர்த்தி, மதியம் மாலையாவதுபோல நிறம் மாற வைத்திருந்தேன். திண்டிவனம் போவதற்குள் அனுப்பியாக வேண்டும்.

பக்கத்து சீட்டில் களைக்கொத்தோடு ஒரு அக்கா. வெகுநேரம் திரையையே பார்த்தார்.

"ஏம்மா, பொழுது சாயறத காட்டிக்கினு இருக்கியே, செடி தூங்கவே இல்லையே?"

"செடி தூங்குமாக்கா?"

"சாயங்காலம் ஆனா மல்லாட்டை இலை ஜோடி ஜோடியா மூடிக்கும்மா. நீ கொல்லைப் பக்கமே போனதில்லையா?"

நான் பிறந்து வளர்ந்ததே மல்லாட்டை விளையும் பனமலைக் கிராமத்தில்.

மூடிய இலைகளை அவசரமாக வரைந்து, மாலை வர வர அந்தப் படத்துக்கு மாறும்படி வைத்தேன்.

"ம்... இப்ப தூங்குது" என்றவர், நான் படத்தை அனுப்பி முடித்ததும் திண்டிவனத்தில் இறங்கி கிளியனூர் பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டார்.

கம்பெனிக்காரரின் பதில் இப்போதுதான் வந்தது: "கலர் சூப்பர். ஆனா பயிர் ஏன் வாடிப்போச்சு?"

விதை விற்கிறவர் கேட்கிற கேள்வி இது!

அக்காவின் பெயரைக்கூடக் கேட்காமல் விட்டேன். கிளியனூர்ப் பக்கம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். கம்பெனிக்காரரோடு நாளை நடக்கும் மீட்டிங்கில் என் பக்கத்தில் அவர் உட்கார வேண்டும், களைக்கொத்தோடு.