கூழைக்கும்பிடு இல்லாத கடிதம்

இந்த நாட்டில் மேலதிகாரியைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். செவன் ஹில்ஸ் என்ற புறநகரில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மேற்பார்வையாளர் கெவினை மூச்சுக்கு மூச்சு "சேர்" என்று அழைத்தேன். மூன்றாம் நாள் அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என் முன்னால் வந்து நின்றார். "என்ன, என்னோட நக்கலா?" மரியாதைக்குச் சொன்னேன் என்றேன். "அதெல்லாம் வேண்டாம், நான் கெவின்." ஊரில் ஒன்பது வருஷம் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவன் நான். மேலதிகாரியின் வெறும் கதிரையைக் கண்டாலும் எழுந்து நிற்கப் பழகிய உடம்பு. அன்றைக்கு எனக்கும் கோபம் வந்தது. யார் மேல் வந்தது என்று விளங்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

என் பக்கத்தில் நின்று பெட்டி மடித்தவர் லாம். வியட்நாமிலிருந்து வள்ளத்தில் தப்பி வந்த சீனர். அங்கே ஒரு சீனப் பத்திரிகையில் இருபது வருஷம் அச்சுக்கோத்தவர். ஆயிரக்கணக்கான சீன எழுத்துகளில் எது எந்தத் தட்டில் கிடக்கிறது என்று பார்க்காமலே கைவைத்து எடுப்பாராம். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குத் தொழிற்சாலையில் என்ன பெயர் தெரியுமா? எழுதப் படிக்கத் தெரியாதவன்! கெவின் அப்படிச் சொல்லிச் சிரித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழிவறைச் சுவரில் கெவின் தன் கையால் எழுதி ஒட்டிய ஒரேயோர் அறிவித்தலில் இரண்டு எழுத்துப்பிழை இருந்தது.

லாமின் மனைவியும் மகளும் அவருக்குப் பிறகு வேறொரு வள்ளத்தில் கிளம்பி, மலேசியாவில் ஓர் அகதி முகாமில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களை இங்கே கூப்பிட விண்ணப்பிக்க வேண்டும், விண்ணப்பத்தோடு ஒரு கடிதமும் வைக்க வேண்டும். அதற்காகவே நான் அவருக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்து, சாப்பாட்டு நேரத்தில் தினமும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதும் என்று பிடிவாதமாக நின்றேன். நாலு வரி எழுதுவார், ஒரு பிழை கண்ணில் பட்டால் தாளையே கிழித்துவிடுவார். "பிழை வந்தால் வரட்டும், எழுதும் ஐயா!" என்று கத்துவேன். அவர் தலையாட்ட மாட்டார். "அச்சில ஒரு பிழை எண்டா ஒரு பிழை இல்லை. எத்தனை பேப்பர் அடிக்கிறமோ அத்தனை பிழை." பொறுக்க முடியாமல் கொப்பியின் பக்கங்களுக்கெல்லாம் இலக்கமிட்டு, ஒரு தாள் குறைந்தாலும் உம்மோடு பேசமாட்டேன் என்றேன். அதற்குப் பிறகுதான் கிழிப்பது நின்றது. "இன்று மழை. பெட்டி நனைந்தது. கெவினுக்குக் கோபம். நான் சிரிக்கவில்லை." இதுதான் அவர் கிழிக்காமல் விட்ட முதல் பக்கம். வாசித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் சாப்பாடு புரைக்கேறியது.

ஆனால் உண்மையான கடிதம் எழுதும் நாள் வந்தபோது நான் என்ன செய்தேன்? "இது விளையாட்டில்லை, இதை நான் எழுதுறன்" என்று பேனாவைப் பறித்துக்கொண்டேன். கந்தோர்க் கை சும்மா இருக்குமா? மிகத் தாழ்மையுடன் பணிந்து, தங்கள் கருணையையே தஞ்சமெனக் கொண்டு, என்றென்றும் தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன் என்று மூன்று நீளத் தாள். எல்லாம் உயர்ந்த ஆங்கிலம். லாம் அதை முத்து முத்தாகப் பார்த்தெழுதினார். பாதிச் சொற்களுக்கு அவருக்கு அர்த்தம் தெரியாது.

நகரத்திலிருந்த குடிவரவுக் கந்தோருக்கு லீவு போட்டு நானும் கூடப் போனேன். கவுண்டரில் இருந்தவள் இளம் பெண். மூன்று தாளையும் பொறுமையாகப் படித்துவிட்டு, ஒரு சொல்லில் விரலை வைத்து இதற்கு என்ன அர்த்தம் என்று லாமைக் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். "சரி, உங்க மகளோட பேர் இதுல எங்க இருக்கு?" என்றாள். நானும் எட்டிப் பார்த்தேன். இல்லை. "அபலைக் குழந்தை" என்று எழுதியிருந்தேனே தவிர, பெயரை எழுதவில்லை. "நீங்க இவரோட ஏஜன்டா?" என்று என்னைக் கேட்டாள். "நண்பன், மேடம்." "அப்ப அவரையே எழுத விடுங்க." தாள்களைத் திருப்பித் தந்துவிட்டாள். திரும்பும் ரயிலில் வழிநெடுக அவளைத் திட்டினேன். என் ஆங்கிலத்தில் கால்வாசி வருமா அவளுக்கு! லாம் தாள்களை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தும் நான் ஓயவில்லை. குசினிக்குள் நின்ற என் மனைவி புவனம் கேட்டுக் கேட்டுச் சலித்து வெளியே வந்தாள். "இஞ்சேருங்கோ, அவள் என்ன பிழையாச் சொன்னவள்? நீங்கள் எழுதினது கடிதமே? கெஞ்சுற பெட்டிசம்! கும்பிட்டுக் கும்பிட்டு அந்தப் பிள்ளையின்ர பேரையே விட்டிட்டியள்."

அப்போதுதான் எனக்கு அந்த விதவையின் ஞாபகம் வந்தது. ஊர்க் கந்தோரில் புருஷனின் பென்சனுக்காக என் மேசைக்கு வந்தவள். யாரோ பள்ளிக்கூடப் பிள்ளையைக் கொண்டு நாலே வரியில் எழுதுவித்திருந்தாள். "மரியாதை காணாது, திருப்பி எழுதிக்கொண்டு வா" என்று அனுப்பினேன். ஒரு தடவையல்ல, மூன்று தடவை. நாலாம் தடவை முழுத்தாள் கூழைக்கும்பிடோடு வந்தாள், ஏற்றுக்கொண்டேன். அதைக் கடமை என்று வேறு நினைத்திருந்தேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். நான் அதைக் கடல் கடந்து கொண்டுவந்து, பாவம், லாமின் தலையிலும் கட்டியிருக்கிறேன். ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களே, உங்களில் யாரையாவது நான் அப்படித் திருப்பி அனுப்பியிருந்தால் என்னைக் காறித் துப்புங்கள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் லாம் தானே எழுதினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். "என் மகள் பெயர் மெய். வயது ஒன்பது. என் மனைவி பெயர் ஹோவா. இரண்டு பேரையும் பார்த்து ஒன்றரை வருஷம். எனக்கு வேலை இருக்கிறது. மூன்று கட்டில் வாங்கிவிட்டேன். இன்னும் என்ன பேப்பர் வேண்டும், சொல்லுங்கள்." ஆங்கிலத்தில் அது பிழை மலிந்த கடிதம். திருத்தச் சொல்லி என் விரல் அரித்தது, திருத்தவில்லை. கவுண்டரில் அதே பெண் அதைப் படித்துவிட்டு, மெய் முகாமில் பள்ளிக்கூடம் போகிறாளா என்று மட்டும் கேட்டாள். லாமே பதில் சொன்னார். எட்டு மாதத்தில் தாயும் மகளும் வந்து இறங்கினார்கள். கடிதத்தால்தான் வந்தார்கள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளையின் பெயர் அதில் இருந்தது.

பிறகு என் முறை வந்தது. எழுபத்தேழில் ஊரில் தமிழர் மேல் நடந்த கலவரத்தில் வேலையும் வீடும் போன என் தம்பியை இங்கே கூப்பிட வேண்டும். பழக்கம் விடவில்லை, மூன்று தாள் எழுதி லாமிடம் காட்டினேன். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, அச்சுப்படி திருத்துகிறவர் போல வரி வரியாக வெட்டினார். கடைசியில் நிமிர்ந்து, "இதில உங்கட தம்பி எங்க?" என்றார். மூன்று தாள் ஏழு வரியானது.

போன ஞாயிறு மத்தியானம் அந்த ஏழு வரியைச் சுத்தமாக எழுதி உறையிலிட்டேன். தம்பியின் பிறப்புச் சான்றிதழின் பிரதி கேட்டு ஊர்க் கந்தோருக்கும் எழுத வேண்டியிருந்தது. அதையும் ஏழு வரியில் எழுதினேன். பிறகு, இப்போது என் பழைய கதிரையில் இருப்பவனை நினைத்தேன். நானே வேலை பழக்கிவிட்ட பையன். மரியாதை காணாது என்று திருப்பி அனுப்பிவிடுவான், தம்பி அங்கேயே கிடப்பான். பல்லைக் கடித்துக்கொண்டு அந்தத் தாளைக் கிழித்தேன். மிகத் தாழ்மையுடன் பணிந்து என்று தொடங்கி, கீழ்ப்படிவுள்ள ஊழியன் வரைக்கும் மூன்று தாள் எழுதினேன்.

இரண்டு உறையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. வந்த நாட்டுக்குப் போகிற உறையில் நான் நிமிர்ந்து நிற்கிறேன், பிறந்த நாட்டுக்குப் போகிற உறையில் காலில் விழுந்து கிடக்கிறேன். இரண்டுக்கும் முத்திரை ஒட்டினேன். நக்கிய நாக்கு ஒன்றுதான்.