ஆன்டெனா மாட்டாத செட்டு

இது கதை இல்ல, நடந்தது. போன ஆவணி மாசம், சனிக்கிழமை, பட்டப்பகல் 12:47. பேய்க்கு ராத்திரிதான் வேணும்னு எவன் சொன்னான்?

என் பேரு சொரிமுத்து. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போற ரோட்டுல ரேடியோ, செல்போன் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. டிஜிட்டல் ரேடியோ வந்ததும் பழைய மீடியம் வேவ், எஃப்எம், புது டிஜிட்டல் மூணும் பாடுற பெட்டியாப் பாத்து வித்தேன். இன்னும் பத்து வருஷத்துக்கு எவன் எதை மாத்தினாலும் இது பாடும்வேன்னு அடிச்சு விடுவேன்.

புன்னைக்காயல் இன்பமணியும் அப்படித்தான் ஒண்ணு வாங்கினான். பழைய செட்டை எக்ஸ்சேஞ்ச்ல எங்கிட்டயே போட்டுட்டான். நாட்டுப்படகுக்காரன். கரையை விட்டுத் தள்ளிப் போனா செல்லுல டவர் கிடையாது. காத்து நியூஸ் கேக்க அவனுக்கு அந்த ரேடியோதான். அதுக்கு ஒரு அப்டேட் வந்திருக்கு, கொண்டாலேன்னு கூப்பிட்டது நான். வெள்ளிக்கிழமை காலையில கொண்டாந்தான். சாயங்காலமே திருப்பிக் கேட்டான். விடிஞ்சா கடலுக்குப் போகணுமாம்.

நான் குடுக்கல. கை வச்ச செட்டை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பாக்காம நான் யாருக்கும் குடுத்ததில்ல. அது என் வீம்பு. ஒரு நாள் போகாம இருந்தா என்னன்னு கேட்டேன். சிரிச்சான். டீசல் போட்டாச்சு அண்ணாச்சின்னு சொல்லிட்டுக் கிளம்பிட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் 12:30. கடையில ஓடிக்கிட்டிருந்த இன்னொரு ரேடியோவுல எச்சரிக்கை வந்துச்சு. பலத்த காத்து வருது, கடல்ல இருக்கவங்க உடனே கரை திரும்பணும்னு. இன்பமணிக்குப் போன் போட்டேன். போகல. மறுபடி போட்டேன். போகல.

அப்பதான் மேசை மேல கிடந்த அவன் செட்டு கரகரன்னுச்சு.

அதை ஆஃப் பண்ணி அரை மணி நேரம் ஆச்சு. உப்புக்கறை துடைக்க ஆன்டெனாவைக் கழட்டி வச்சிருந்தேன். செட்டு டிஜிட்டல்லதான் இருந்துச்சு, அதுல கரகரப்பே கிடையாது. சிக்னல் இருந்தா தெளிவா பாடும். இல்லன்னா பொணம் மாதிரி கிடக்கும்.

ஆனா கரகரன்னுது...

12:47. ஸ்கிரீன் தானா எரிஞ்சுது. ஸ்டேஷன் பேரு வர்ற இடம் காலி. சிக்னல் சைபர்.

தளக்... தளக்... படகுல தண்ணி அடிக்கிற சத்தம்.

அப்புறம் அவன் குரல்.

"அண்ணாச்சி... காத்து உண்டா?"

நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு.

தளக்...

"அண்ணாச்சி, காத்து உண்டா?"

செத்துட்டான்... அதான் வந்து கேக்கான்...

முருகா...

பேட்டரியைப் புடுங்கினேன்.

12:49. சத்தம் நின்னுச்சு.

மறுநாள் இன்பமணி உடம்பு கரை ஒதுங்குச்சு. கூடப் போன அவன் மச்சான் ஜாபேஸை மட்டும் வேற படகுக்காரங்க காப்பாத்திக் கொண்டாந்தாங்க.

அடக்கம் முடிஞ்ச மூணாம் நாள் ஜாபேஸைப் பாக்கப் போனேன். படகு எப்ப கவுந்துச்சுன்னு கேட்டேன். மூணு மணிக்கு மேலன்னான்.

12:47-க்கு அவன் உசுரோட இருந்திருக்கான்.

ஜாபேஸ் சொன்னான். "ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி தெக்க கருத்துச்சு அண்ணாச்சி. திரும்பிருவமான்னு கேட்டேன். இருலேன்னான். ரேடியோ இருக்கிற மாதிரி கையைக் காதுல வச்சுக்கிட்டு, காத்து உண்டா அண்ணாச்சின்னு ரெண்டு தடவ கேட்டான். விளையாடுதான்னு நினைச்சேன்."

பொறவு என் முகத்தைப் பாத்துச் சொன்னான்.

"கையை எடுத்துட்டு என்ன சொன்னான் தெரியுமா? 'அண்ணாச்சி கேட்டுக்கிட்டுதான் இருக்காரு. மூச்சு விடுற சத்தம் கேக்கு. காத்து இருந்தா சொல்லியிருப்பாரு. வலையை இறக்குலே'ன்னான்."