ஐலா கூட்ட மறந்த ஏழு வருடங்கள்

ஐலா ராவ்டியோ ஒரு மரத்துக்கு வயது சொல்லிவிட்டால் ஸ்பூனர் க்ரீக் ஊரில் அதற்கு அப்பீல் கிடையாது. வனத்துறையில் முப்பத்தோரு வருடமாக அவளுக்கு இதே வேலை. மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு சரிவேறிப் போவாள். மரத்தில் நெஞ்சு உயரத்தில் துளைக்கருவியை வைத்துத் திருகுவாள். பென்சில் பருமனில் ஒரு குச்சி வெளியே வரும். அதில் வருடத்துக்கு ஒரு கோடு. லென்ஸ் வைத்து எண்ணிச் சொல்லிவிடுவாள். எந்தத் தோப்பு நிற்கும், எது லாரியேறும் என்பதெல்லாம் அந்த எண்ணிக்கைக்குப் பிறகுதான்.

ஆள் கொஞ்சம் கறார். பேக்கரியில் பன்னிரண்டு பன் வாங்கினாலும் பைக்குள் கையை விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நகர்வாள். கடைக்காரர் முறைத்தால் திருப்பி முறைப்பாள். முறைப்பதில் அந்தக் குடும்பத்தை யாரும் ஜெயித்ததில்லை.

அந்த வருடம் ஊரே இரண்டாகப் பிளந்து கிடந்தது. மேல்சரிவுத் தோப்பு ஏலத்துக்கு வருகிறது. அரசாங்கக் காடு, அதாவது எல்லோருடைய காடு. அதனால் எல்லோருக்கும் அதில் ஒரு கருத்து. வெட்டினால் வரும் பணம் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும் என்பதால் பாதி வீட்டு வாசலில் 'வெட்டு' என்று பச்சைப் பலகை. மீதிப் பாதியில் 'மேல்சரிவைத் தொடாதே' என்று நீலப் பலகை. தபாலாபீசில் குட்மார்னிங் சொல்வதற்கு முன்னால் எதிராளி வீட்டுப் பலகை என்ன நிறம் என்று யோசிக்க வேண்டிய நிலைமை!

நீலப் பலகைக்குத் தலைவி பிக்கெட் டீச்சர். பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பச்சைப் பலகையில் முன்னால் நின்றவன் ரீனோ, ஐலாவின் ஒரே தம்பி. ஆறு பேரை வைத்துக்கொண்டு மரம் வெட்டும் காண்டிராக்ட் எடுப்பவன். அந்தக் குளிர்காலத்துக்கு அவன் நம்பியிருந்தது மேல்சரிவு ஒன்றைத்தான். அது கிடைக்காவிட்டால் கடையைச் சாத்த வேண்டியதுதான்.

விதி இதுதான்: 1850க்கு முன்னால் முளைத்த தோப்பைத் தொடக்கூடாது. மேல்சரிவு ஒரே காட்டுத்தீக்குப் பிறகு ஒன்றாக முளைத்த தோப்பு. ஐலாவின் கணக்கில் 1856. ஆறு வருடம் இளசு, வெட்டலாம். டீச்சர் எவ்வளவு கத்தினாலும் ஊர் ஒரே பதிலைத்தான் சொன்னது: "ஐலா எண்ணிட்டா. அப்புறம் என்ன?"

பொதுக்கூட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது டீச்சர் ஐலாவின் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் குடை. இருபத்திரண்டு வருடம் இந்த ஊர் மழையில் இருந்தும் குடை பிடிக்கிற பழக்கம் அவரை விடவில்லை. உள்ளூர்க்காரர்கள் மழைக்கோட்டோடு சரி; அதற்காகவே பாதி ஊர் அவரை வெளியூர்க்காரி என்றது.

"சண்டைக்கு வரல ஐலா. ஒரு காப்பி குடு, போதும்," என்றார்.

"காப்பி தர்றேன் டீச்சர். மரத்தப் பத்திப் பேசினா கப்ப வாங்கிருவேன்."

"எனக்காக இன்னொரு தடவை எண்ணிப் பாக்கக் கூடாதா?"

"என்ன, சந்தேகமா? என் எண்ணிக்கையிலயா?" ஐலாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "இருங்க, நோட்டையே காட்றேன்!"

கள நோட்டை எடுத்து வந்து விறுவிறுவென்று புரட்டினாள். ஜூன் பதினெட்டு, மேல்சரிவு. நூற்று அறுபத்தாறு கோடு. அப்படியே நின்றுவிட்டாள்.

துளை போடுவது நெஞ்சு உயரத்தில். அந்த உயரத்துக்கு வளர மரத்துக்கு ஏழு வருடம் பிடிக்கும். அதனால் கோடுகளை எண்ணிய பிறகு ஏழைக் கூட்ட வேண்டும். நோட்டில் எல்லாப் பக்கத்திலும் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் 'கூட்டல் ஏழு' இருந்தது. அந்த ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. அன்றைக்கு ரீனோ மகளுக்குக் கல்யாணம். "அக்கா, சர்ச்சுல எல்லாரும் உனக்காகக் காத்துட்டு இருக்காங்க" என்று அவன் போனில் உயிரை எடுக்க, இவள் லாரி பானட்டில் வைத்து எண்ணியதை அப்படியே எழுதிக்கொண்டு ஓடியிருக்கிறாள்.

ஏழைக் கூட்டினால் 1849. ஒரே ஒரு வருடம்!

டீச்சர் காப்பியை ஊதிக்கொண்டிருந்தார். அவருக்கு அந்த எண்கள் எதுவும் விளங்காது. ஐலா நோட்டை மூடினாள். "சரியாத்தான் இருக்கு," என்றாள். வாழ்க்கையில் எண்ணிக்கை விஷயத்தில் அவள் சொன்ன முதல் பொய் அது. சொன்ன வாய் அன்று முழுக்கக் கசந்தது.

மறுநாள் தனியாக மேல்சரிவுக்குப் போய் வேறு மரத்தில் துளை போட்டாள். அதுவும் நூற்று அறுபத்தாறு. மரத்தடியில் உட்கார்ந்து அந்தக் குச்சியைக் கன்னாபின்னாவென்று திட்டினாள். திட்டினால் கோடு குறையுமா?

சனிக்கிழமை வழக்கம்போல ரீனோ வீட்டில் சானா. விறகடுப்பில் கல்லைக் காய வைத்து, அந்த ஆவியில் வேர்த்துவிட்டு, வெளியே வந்து குளிர்ந்த பீர் குடிப்பது அவர்கள் குடும்பத்தில் தாத்தா பின்லாந்திலிருந்து வந்த நாளாக நடக்கிறது. சானா நாளில் சண்டை போடக்கூடாது என்பது கட்டுப்பாடு. அந்தத் தைரியத்தில்தான் ஐலா வாயைத் திறந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள்.

ரீனோ காய்ந்த கல்லில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினான். பிறகு, "யாருக்குத் தெரியும்?" என்றான்.

"எனக்குத்தான்."

"அப்ப யாருக்கும் தெரியாது."

"டேய், எனக்குத் தெரியும்னு சொல்றேன்."

"ஒரு வருஷம்க்கா! அந்த மரத்துக்கே தெரியாது ஒரு வருஷம். ஆறு குடும்பம் இருக்கு என் பின்னால. அதுல டெல்மருக்குப் போன மாசம்தான் ரெட்டைக் குழந்தை பொறந்திருக்கு. நீ போய் மைக்கப் புடிச்சு என் தலைல கல்லப் போடப் போறியா?"

"நான் என்னடா பண்ணட்டும்?"

"வாய மூடிட்டு இரு. உனக்கு அது கஷ்டம்னு தெரியும். முயற்சி பண்ணு."

கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம். பேசத் தெரிந்தவர்கள் மூன்றையும் தின்றுவிட்டு மணி அடித்த பிறகும் மைக்கை விடவில்லை. ஐலா ஒரு நிமிடம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. "மேல்சரிவ நான் தப்பா எண்ணிட்டேன். ஏழக் கூட்ட மறந்துட்டேன். அது ஆயிரத்து எண்ணூத்து நாப்பத்தொம்பது. டீச்சர் கேட்டப்ப சரியா இருக்குன்னு பொய் வேற சொன்னேன். அதுக்கு மன்னிச்சுக்கங்க."

நீலப் பலகைக்காரர்கள் எழுந்து கைதட்டினார்கள். ஐலாவுக்கு வந்ததே கோபம். "எதுக்குத் தட்றீங்க? உங்களுக்காகச் சொல்லல. கீழ்ச்சரிவு எளசு, அதையும் நான்தான் எண்ணினேன். அத வெட்டலாம். அதுக்கும் தட்டுங்க பாப்போம்!" ஒருத்தரும் தட்டவில்லை. ரீனோ தொப்பியை மாட்டிக்கொண்டு யாரையும் பார்க்காமல் வெளியேறினான்.

மேல்சரிவை ஏலத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கீழ்ச்சரிவை வெளியூர்க் கம்பெனி ஒன்று வாங்கி, தன் ஆட்களையே கொண்டுவந்து வெட்டியது. ரீனோவின் ஆட்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ரீனோ நண்டுப் படகில் ஏறினான். முப்பது வருடம் மலையில் நின்ற மனிதனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளுமா? வாந்தி எடுத்தே அரை ஆளாகிவிட்டான் என்று துறைமுகத்தில் சிரித்தார்கள். ஐலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு சனிக்கிழமை அவனிடமிருந்து சானாவுக்கு அழைப்பு வரவில்லை. எண்ணுகிறவள் இல்லையா, எட்டையும் எண்ணினாள். தம்பி பேசாத வீட்டில் காப்பி போட்டுக் குடிப்பதே அவளுக்குத் தண்டனையாக இருந்தது.

ஒன்பதாவது வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானம் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. பூட்ஸில் செம்மண், கடல் உப்பு இல்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான்.

"காப்பி இருக்கா?"

இருந்தது. ஏலக்காய் ரொட்டியும் இருந்தது. அவன் ரொட்டியைத் தொடவில்லை.

"மேல்சரிவுக்குப் போய்ட்டு வர்றேன்," என்றான். "ஒம்பது மரத்துல துளை போட்டேன். நீ மறுபடி தப்பு பண்ணிருப்பேன்னு ஒரு ஆச. ஒரே ஒரு மரம் எளசா இருந்தாப் போதும், அத எடுத்துட்டுப் போய் ஆபீஸ்ல மேஜை மேல போடலாம்னு நெனச்சேன்."

ஐலா கெட்டிலைக் கீழே வைத்தாள். "ஏழக் கூட்டினியாடா?"

ரீனோ கப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். "எட்டு மரத்துக்குக் கூட்டிட்டேன்க்கா, எல்லாம் பழசு. ஒம்பதாவதும் நூத்தி அறுவத்தாறு கோடு. அதுக்கு மட்டும் கூட்டலேன்னா எளசுன்னு மேஜை மேல போட்டிருக்கலாம். அந்தக் குச்சியக் கைல வச்சுட்டு வண்டில அர மணி நேரம் உக்காந்திருந்தேன். கூட்டலாமா, வேணாமான்னு."

"அப்புறம்?"

"கூட்டினேன். வேற என்ன பண்றது? சனியன், நீ என் அக்காவாப் பொறந்துட்டே."

ஐலாவுக்குக் கண் நிறைந்து எதிரே எதுவும் தெரியவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டே ரொட்டியில் பெரிய துண்டாக வெட்டி அவன் தட்டில் வைத்தாள். அவன் சாப்பிட்டான். வாய் நிறைய ரொட்டியோடு, நாளைக்கு ஆறு மணிக்கெல்லாம் சானாவில் கல் காய்ந்துவிடும், நேரத்தோடு வந்து சேர் என்றான்.