தவறாகக் கேட்ட நான்கு சொற்கள்

மூளையின் படம் திரையில் ஒரேயடியாக வந்துவிடாது. உச்சந்தலையில் தொடங்கி, மெல்லிய தகடுகளாக, ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வரும். முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு சின்னத் திட்டு. பிறகு அது அகன்று, மடிப்பு மடிப்பாக விரியும். நடுவில் வண்ணத்துப்பூச்சியின் சிறகுகள் போல இரண்டு கறுப்புக் குளங்கள் தெரியும். இன்னும் கீழே போனால், எங்கும் பார்க்காத இரண்டு கண்ணுருண்டைகள். எத்தனையோ பேருடைய மூளையைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு ஏரியின் அடிக்கு யாரோ என்னை மெதுவாக இறக்கிவிடுவதுபோலத்தான் இருக்கும்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், தெற்கு லண்டனில் ஒரு மருத்துவமனையின் பின்கட்டடத்தில், ஆராய்ச்சிக்கென்றே வைத்திருந்த ஸ்கேன் இயந்திரத்தில் எனக்கு வேலை. மலேசியாவில் கிள்ளானிலிருந்து படிக்க வந்து, படிப்பு முடிந்ததும் வேலை கிடைத்து, அப்படியே தங்கிவிட்டவள் நான். ஸ்ட்ரெதமில் ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தேன். வேலையில் ஆங்கிலம், பஸ்ஸில் மௌனம், ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு தொலைபேசியில் அரை மணி நேரம் தமிழ். தமிழ்க் கடைக்குப் போனால்கூடப் பொருளை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுவேன். ஆனாலும் தமிழ் எனக்கு நன்றாகத் தெரியும் என்ற நினைப்பு மட்டும் இருந்தது.

அந்த நினைப்பில்தான் ஆராய்ச்சி டாக்டரிடம், நான் செய்கிறேன் என்று கையைத் தூக்கினேன்.

அவர் ஸ்காட்லாந்துக்காரர். நெட்டையான மனிதர், கதவு நிலைக்குக் குனிந்து குனிந்தே முதுகு வளைந்துவிட்டது என்று சொல்லிச் சிரிப்பார். தலையில் அடிபட்டுப் பேச்சை இழந்தவர்களுக்கு, அதிலும் இரண்டு மொழி பேசியவர்களுக்கு, எந்த மொழி முதலில் திரும்பி வருகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. ஒரு தமிழர் வரப்போகிறார், மொழிபெயர்ப்பாளர் தேட வேண்டும் என்றார். “நானே தமிழ்தான்,” என்றேன். அவருக்குச் சந்தோஷம். ஆங்கிலத்தில் அவர் வைத்திருந்த படங்களுக்கு நான் தமிழ்ப் பெயர் எழுதிக் கொடுத்தேன். நாற்காலி, சாவி, துண்டு, ஜன்னல் என்று பெரும்பாலும் வீட்டுச் சாமான்கள். ஒரு மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுதி முடித்துவிட்டேன்.

வந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர். தோர்ண்டன் ஹீத்தில் வீடு. மினிகேப் என்னும் வாடகைக் கார் அலுவலகத்தில் ரேடியோவின் முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தவர். தெற்கு லண்டன் முழுவதும் அவர் வாயில் இருந்தது என்று அவருடைய மனைவி சொன்னார். போன குளிர்காலத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போது உறைபனியில் வழுக்கி, நடைபாதை விளிம்பில் இடது பக்கத் தலை மோதியிருக்கிறது. மூன்று வாரம் நினைவில்லை. கண் திறந்தபோது அவரிடம் ஒரே ஒரு வாசகம்தான் மிச்சம் இருந்தது.

“சாப்பிடுவமோ எண்டு கேட்டாலும் டூ மினிட்ஸ். நோகுதோ எண்டு கேட்டாலும் டூ மினிட்ஸ்,” என்றார் அவர் மனைவி. “வண்டி எப்ப வரும் எண்டு போனில கேக்கிற ஆக்களுக்குச் சொல்லிச் சொல்லி, அது மட்டும் உள்ளுக்கை ஒட்டிக்கொண்டு நிக்குது, தங்கச்சி.”

கணவர் பக்கத்தில் உட்கார்ந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். சவரம் செய்த முகம், நேர்த்தியாக வாரிய தலை, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. அத்தனையும் மனைவியின் கை.

சொந்தக்காரர்கள் கூட இருந்தால் தங்களை அறியாமலே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள் என்பதால், சோதனை நேரத்தில் மனைவியை வெளியே இருக்கச் சொல்வது வழக்கம். அறையில் நாங்கள் மூவர்தான். டாக்டர் பேச்சைப் பதிவுசெய்ய ஒலிநாடாவை ஓடவிட்டார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. மூன்று மணிக்கே வெளிச்சம் கரைந்து, சுவர்களெல்லாம் தண்ணீருக்குள் இருப்பதுபோல நீலம் பாரித்திருந்தன.

ஆங்கிலத்தில் அவருக்குச் சில வந்தன. கார், டோர், கப். பிறகு தமிழ். நான் முதல் படத்தைக் காட்டினேன். நாற்காலி.

அவர் அதையே நெடுநேரம் பார்த்தார். உதடுகள் ஏதோ ஒரு வடிவத்துக்கு வரப் பார்த்து, கலைந்து, மறுபடி கூடின. “க… கதி…” என்றார்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கதி. என் கதியைப் பார் என்கிறாரா?

சாவியைக் காட்டினேன். “திற,” என்றார். பிறகு ஒரு மூச்சு, ஒரு தேய்ந்த சத்தம்.

துண்டைக் காட்டினேன். முதல் எழுத்து தொண்டையிலேயே நின்றுவிட்டது. “…வாய்.”

ஜன்னல். அதற்குள் நான் ஒரு மயக்கத்தில் இருந்தேன். கண்ணெதிரே படத்தில் ஜன்னல் இருந்தும், அவர் இழுத்து இழுத்துச் சொன்னது என் காதில் “இன்னல்” என்றுதான் விழுந்தது.

பூனைக்கும் மீனுக்கும் சரியாகச் சொன்னார். மற்ற எல்லாவற்றுக்கும் தவறு என்று குறித்தேன். ஓரத்தில் அவர் சொன்னதை எழுதினேன்: கதி, திற, வாய், இன்னல். இயந்திரத்துக்குள் அவர் படுத்திருந்தபோது அந்த நான்கு சொற்களையும் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இயந்திரம் தட்டிக்கொண்டே இருந்தது. திரையில் அவருடைய மூளை எழுந்து வந்தது. இடது பக்கத்தில் பனி மூடிய வயலைப் போல ஒரு வெளிறிய இடம். அதற்குள் ஒரு மனிதர் அடைபட்டுக்கிடந்து, திற, திற என்று தட்டுவதுபோல எனக்குத் தோன்றியது. அழுகை வந்தது. அன்று பஸ்ஸில் வீடு போகும் வழியெல்லாம் கண்ணாடியில் வழிந்த தண்ணீரும் விளக்குகளும் அந்தச் சொற்களாகவே தெரிந்தன.

டாக்டருக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது அவர் எழுந்தே நின்றுவிட்டார். “பொருள்களின் பெயர்கள் போய்விட்டன. ஆனால் வேதனையைச் சொல்லும் சொற்கள் நிற்கின்றன. அதுவும் தாய்மொழியில் மட்டும்!” அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசப்போவதாகச் சொன்னார். எனக்கும் பெருமைதான்.

மனைவியிடம் சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் மிகவும் பதமாகச் சொன்னார்; நான் தமிழில் சொன்னேன். ஆங்கிலம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பலாம், தமிழ் திரும்பி வருமா என்பது சந்தேகம்.

அந்த அம்மா கைப்பையின் வாரை விரலில் சுற்றினார். பிறகு, “அப்ப இனி நான் எந்தப் பாசையில அவரோட கதைக்கிறது?” என்றார். “இங்கிலீசிலதான் எண்டால், நான் படிக்கிறன். எனக்கு என்ன, ஏலும்தானே,” என்று அவரே சொல்லிவிட்டு எழுந்தார்.

அவர் சொன்னதைச் செய்தார். ஆறு வாரம் கழித்து இரண்டாம் சந்திப்புக்கு வந்தபோது, கையில் ஒரு கோடு போட்ட நோட்டு இருந்தது. நூலகத்தில் நடக்கும் வகுப்புக்கு வாரம் இரண்டு நாள் போகிறாராம். கணவரிடம் ஒவ்வொரு சொல்லாகக் கோர்த்து, “யூ… வாண்ட்… வாட்டர்?” என்று கேட்டார். கணவர் அவரை ஒரு விருந்தாளியைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்தார். முப்பது வருடம் தன்னோடு தமிழில் சண்டை பிடித்தவள் ஏன் இப்படிப் பேசுகிறாள் என்று அவருக்குப் புரியவில்லைபோலும். அந்தப் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

முன்னறையில் ஆட்கள் அதிகம். அவர் நின்றுகொண்டே இருந்தார். மனைவி நோட்டையும் கோட்டையும் குடையையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு, அவசரத்தில் ஆங்கிலத்தை மறந்து, “இஞ்சாருங்கோ, அந்தக் கதிரையில இருங்கோ,” என்றார்.

அவர் திரும்பி, நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் கையிலிருந்த கோப்போடு அப்படியே நின்றேன். “அக்கா, இப்ப என்ன சொன்னீங்க?”

“என்ன சொன்னனான்? இருங்கோ எண்டு சொன்னனான்.”

“எதில உட்காரச் சொன்னீங்க?”

“கதிரையில,” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஏன், நீங்கள் என்ன எண்டு சொல்லுறனீங்கள்?” என்றார்.

அந்த அம்மாவைச் சோதனை அறைக்குக் கூட்டிப்போய்ப் படங்களை மேசையில் பரப்பினேன். அவர் ஒவ்வொன்றாக விரலை வைத்துச் சொன்னார். கதிரை. திறப்பு. துவாய். யன்னல். இப்படிப்பட்ட சின்னப்பிள்ளைக் கேள்விகளை ஏன் கேட்கிறாள் என்ற குழப்பம் அவர் குரலில். நான் ஒலிநாடாவை எடுத்து, காதுக் கருவியை அவர் தலையில் மாட்டிவிட்டேன். அவருடைய நரைத்த தலைமுடி கருவிக்கு அடியில் கொஞ்சம் கலைந்தது. கண்ணை மூடிக் கேட்டார்.

நாடா சுற்றுவது மட்டும் தெரிந்தது. அவருடைய உதடுகள் மெல்ல அசைந்தன. கணவர் விட்ட இடங்களை அவர் நிரப்பிக்கொண்டு போனார். ரை. ப்பு. திடீரென்று கண்ணைத் திறந்தார்.

“தங்கச்சி, இவர் துவாய் எண்டெல்லோ சொல்லுறார்! அந்த ‘து’ வருகுதில்லை, அவ்வளவுதான். கதிரை எண்டுறார். திறப்பு எண்டுறார். எல்லாம் சரியாத்தானே சொல்லுறார்!” என்றவர், கருவியைக் கழற்றாமலே சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. “நான் ஆறு கிழமையா இந்த மனுசனோட வாட்டர் வாட்டர் எண்டுகொண்டு திரியிறன்.”

“மன்னிச்சிடுங்க அக்கா. எனக்கு இந்தச் சொல்லெல்லாம் தெரியாது. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லியிருக்கணும்.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் செய்ததெல்லாம் எழுந்து முன்னறைக்குப் போய்க் கணவரின் முன்னால் குந்தி உட்கார்ந்ததுதான். அவருடைய முழங்காலில் கை வைத்து, வேகமாக, வீட்டுத் தமிழில், என்னவெல்லாமோ பேசினார். அடுப்பு பழுதானது, தங்கை கனடாவிலிருந்து போன் எடுத்தது, பக்கத்து வீட்டுப் பூனை. ஆறு வாரப் பேச்சு. கணவர் முகத்தில் மெதுவாக ஏதோ விலகியது. நடுவில் ஓர் இடத்தில், ஆமாம் என்று தலையாட்டி, “ஓம்,” என்றார்.

நாடாவோடு டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். அவருடைய மேசையில், கூட்டத்தில் வாசிக்க எழுதிய தாள்கள் இருந்தன. அந்த நான்கு சொற்களும் தலைப்பிலேயே இருந்தன. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாடாவை வாங்கி மூன்று தடவை கேட்டார். “கடிரை,” என்று சொல்லிப் பார்த்தார். தாள்களை இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

“அழகாக இருந்தது, இல்லையா?” என்றார்.

“என் தப்புதான்,” என்றேன்.

“எனக்கும் ஆசையாக இருந்ததே. நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.” பிறகு எழுந்தார். “அவர் களைத்திருக்கிறாரா? இல்லையென்றால் இன்றைக்கே புதுப் பட்டியல் எழுதுவோம். இந்தத் தடவை அந்த அம்மாவை எழுதச் சொல்.”

நோட்டில் ஆங்கிலப் பாடத்துக்குப் பின்பக்கத்தில் அவர் எழுதினார். ஒவ்வொரு படத்தையும் கணவர் வீட்டில் எப்படிச் சொல்வார் என்று யோசித்து யோசித்து எழுதினார். அந்தப் பட்டியலோடு அடுத்த வாரம் மறுபடி சோதித்தோம். கணவர் பாதிக்கு மேல் சொன்னார். தேய்ந்தும் உடைந்தும்தான், ஆனால் சொன்னார். ஸ்கேன் படங்களைக் கணக்கிட்டுப் பார்க்கச் சில நாள் ஆனது. இயந்திரத்துக்குள் அவர் தமிழ்ச் சொற்களைத் தேடிய நேரத்தில், அந்த வெளிறிய இடத்தின் கரையோரமாகச் சின்னச் சின்ன வெளிச்சங்கள் தெரிந்தன. விடியற்காலையில் மலைச்சரிவு வீடுகளில் ஒவ்வொன்றாக விளக்குப் போட்டதுபோல. டாக்டரும் நானும் திரையின் முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம்.

முதல் சோதனை ஆராய்ச்சிக்கு உதவாமல் போயிற்று. டாக்டரின் கட்டுரை வந்தபோது அந்த யாழ்ப்பாணத்துக்காரர் அதில் சோதிக்கப்பட்ட சில பேரில் ஒருவர், அவ்வளவே. அவருக்கு முழுப் பேச்சு திரும்பவில்லை. ரேடியோ வேலைக்கும் போக முடியவில்லை. ஒரு வருடத்தில் இரண்டு மூன்று சொற்களை ஒட்டிப் பேசினார். மனைவி ஆங்கில வகுப்பை விடவில்லை. “தொடங்கினது தொடங்கிப்போட்டன். ஆசிரியை நல்ல பிள்ளை,” என்றார். பிறகு நகரசபைக் கடிதங்களை அவரே படித்துப் பதில் போடத் தொடங்கினார்.

நான் அந்த வசந்தகாலத்திலிருந்து சனிக்கிழமைகளில் தோர்ண்டன் ஹீத் போக ஆரம்பித்தேன். முதல் தடவை மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். பிறகு சாப்பிடக் கூப்பிட்டார்கள். வரவேற்பறையில் மூன்று பேரும் உட்கார்ந்திருப்போம். ஜன்னல் திரை அசையும், ரயில் போகும் சத்தம் தூரத்தில் கேட்கும், பேச்சு நின்று நின்று வரும். அவர் ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தால் நாங்கள் எடுத்துக் கொடுப்பதில்லை. சில நேரம் ஒரு முழு நிமிடம் ஆகும். அந்த நிமிடம் பெரிதாகத் தெரியாது. பாதித் தூக்கத்தில் இருப்பதுபோல இதமாகக்கூட இருக்கும்.

ஒரு ஜூன் மாத மதியம், சாப்பாடு முடிந்து, நான் புறப்படக் காலணி மாட்டிக்கொண்டிருந்தேன். வாசல்வரை வந்தவர் வானத்தைப் பார்த்தார். எதையோ சொல்லத் தொடங்கினார். மனைவி கைகழுவிக்கொண்டு வந்து அவர் பின்னால் நின்றார். நானும் ஒரு காலில் காலணியோடு நின்றேன்.

“நல்ல… வெயில்,” என்றார். “நடந்து… போங்கோ.”

ஸ்ட்ரெதமில் என் வீடுவரை நடந்தே போனேன்.