படகு இழுக்க எட்டு சிலிண்டர்

வண்டி ஓட்டுவது ஒரு தொழில் என்றால் ஓட்டுவதற்கு வண்டி தேடுவது அதைவிடப் பெரிய தொழில். முதலாவதற்குச் சம்பளம் உண்டு, இரண்டாவதற்குத் திட்டு மட்டும்தான். வளைகுடாவில் பழைய வண்டி வாங்க அலைந்தவர்கள் இதைப் படித்தால் தலையை ஆட்டுவார்கள். அலையாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள், வேறென்ன சொல்ல.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள் அஜ்மானில் ஒரு படகுப் பட்டறையில் டிரைவராக இருந்தேன். முதலாளி கீழக்கரைக்காரர், எங்களுக்கு அவர் பாய். பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கப் போகிறவர்களின் பைபர் படகுகளைப் பழுது பார்ப்பது பட்டறையின் வேலை. அவர்கள் வீட்டிலிருந்து படகை டிரெய்லரில் வைத்து இழுத்து வருவதும், வேலை முடிந்ததும் கடலில் இறக்கி விடுவதும் என் டூட்டி. கடலுக்குள் இறங்கும் சிமென்ட் சரிவு எப்போதும் பாசி பிடித்துக் கிடக்கும். அதில் ஈரப் படகை மேலே இழுக்கச் சின்ன பிக்கப்புகளால் ஆகாது. எட்டு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் வைத்த பெரிய அமெரிக்க வண்டிதான் வேண்டும். அது குடிக்கிற பெட்ரோலைப் பற்றி அங்கே அப்போது யாருக்கும் தூக்கம் கெட்டதில்லை. ஆனால் புது வண்டி என்றால் பாய்க்கு நெஞ்சு வலிக்கும்.

மிதந்ததும் மிதக்காததும்

எங்களிடம் இருந்த கிழட்டு வண்டி ஒரு நாள் அந்தச் சரிவில் கியர் பாக்ஸை விட்டுவிட்டது. பின்னால் டிரெய்லர், அதன்மேல் ஒரு அரபிக்காரரின் படகு. நான் பிரேக்கின் மேல் ஏறி நின்றும் பிரயோஜனமில்லை, எல்லாமாகச் சேர்ந்து நிதானமாகக் கடலுக்குள் போனோம். ஜன்னல் வழியாக இறங்கி நீந்திக் கரைக்கு வந்தேன். படகு மட்டும் தன்பாட்டுக்குக் கழன்று ஆடிக்கொண்டு நின்றது. சொந்தக்காரர் கரையில் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் போடுவார் என்று பயந்தேன். அவர் ஹிந்தியில் அமைதியாகச் சொன்னார்: "என் படகு நல்லா மிதக்குது. உன் வண்டிதான் மிதக்கல."

சாயங்காலம் பாய் கூப்பிட்டார். நோன்பு ஆரம்பித்திருந்தது. பெருநாள் முடிந்ததும் வெயில் தணிந்து படகுக்காரர்கள் எல்லாரும் ஒன்றாகக் கடலுக்குத் திரும்பும் பருவம். அதற்குள் ஒரு வண்டி பார்க்க வேண்டும், பார்க்கும் பொறுப்பு என்னுடையது என்றார். கிடைக்காவிட்டால்? வளைகுடாவில் இருந்தவர்களுக்கு லீவு என்ற சொல்லில் இரண்டு வகை உண்டு என்று தெரியும், திரும்பி வருகிற லீவு, வராத லீவு. பாய் எந்த வகையைச் சொன்னார் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "வண்டி இல்லாத டிரைவர வச்சி நான் என்னப்பா செய்யிறது? பெருநாளைக்குள்ள கெடைக்கலன்னா வெளி வண்டிய வாடகைக்குப் புடிச்சிக்கிறேன், நீ லீவுல ஊருக்குப் போயிட்டு வா."

டாக்டர் ஓட்டிய வண்டி

முதலில் ஷார்ஜா பழைய வண்டி மார்க்கெட்டுக்குப் போனேன். வரிசை வரிசையாக வண்டிகள், விற்கிறவர்களைக் கேட்டால் எல்லாவற்றையும் ஒரு டாக்டர்தான் ஓட்டியிருந்தார். அந்த நாட்டில் டாக்டர்கள் எப்போது நோயாளியைப் பார்த்தார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

ஒரு கறுப்பு வண்டி மனதுக்குப் பிடித்தது. அமெரிக்காவிலிருந்து நேராகக் கப்பலில் வந்ததாம். இன்ஜின் சத்தம் கேட்டதும் எனக்கே வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. உள்ளே ஏறினால் வாசனைத் திரவியம் மூக்கை அடைத்தது. இத்தனை வாசனை எதற்கு என்று தோன்றி, சும்மா சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன். பாதிவரை கறுப்பாக வந்த பெல்ட் அதற்குப் பிறகு மண் நிறத்தில் வந்தது. எங்கோ ஒரு வெள்ளத்தில் மூழ்கிய வண்டியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு வண்டியைக் கடலில் முக்கிவிட்டு வந்தவன் ஏற்கெனவே முங்கிய வண்டியை வாங்கிக்கொண்டு போனால் பாய் என்னைக் கப்பலில்தான் ஏற்றுவார். விற்க நின்ற ஆள், காயல்பட்டினத்துக்காரர், கொஞ்சம்கூட அசரவில்லை. "தம்பி, எல்லாரும் இடுப்பு அளவுக்குத்தான் பெல்ட் இழுப்பாங்க, நீங்கதான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போற மாதிரி இழுக்குறீங்க."

எங்கும் போகாத வண்டி

அடுத்தது ருவைஸ். அங்கே ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி தன் சைட் வண்டியை விற்கிறது, ஓடிய தூரம் மிகக் குறைவு என்று கேள்விப்பட்டதும் எங்கள் பட்டறை மெக்கானிக் ஆரோக்கியத்தைக் கிளப்பிக்கொண்டு புறப்பட்டேன். தூத்துக்குடிக்காரர், படகு இன்ஜினில் கெட்டிக்காரர், கார் ஏறினால் தூங்கிவிடுவார். அபுதாபியைத் தாண்டி மணலும் குழாய்களுமாக வரும் அந்த நீண்ட ரோட்டில் ஒருத்தர் தூங்க ஒருத்தர் விழித்திருப்பது எவ்வளவு அலுப்பு என்று போனவர்களைக் கேளுங்கள்.

வண்டியைப் பார்த்ததும் அலுப்பு போய்விட்டது. மீட்டரில் ஓடிய தூரம் ஒரு குடும்பத்துக் காரைவிடக் குறைவு. பிரேக் மிதியின் ரப்பர்கூடத் தேயவில்லை. மனதுக்குள் பாயிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அப்போது ஆரோக்கியம் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் பள்ளத்தில் விழுந்த மாதிரி கீழே போனார். சீட்டு அப்படி அமுங்கிக் கிடந்தது. காலால் மிதிபடாத பிரேக், ஆள் உட்கார்ந்து நசுங்கிய சீட்டு, இரண்டும் ஒரே வண்டியில் எப்படி? ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்தது. இன்ஜின் உள்ளே கரண்டி தட்டுகிற சத்தம்.

பக்கத்தில் நின்ற சைட் ஹெல்ப்பர் தஞ்சாவூர்ப் பையன். நல்ல மனசு, மறைக்கவில்லை. சைட்டில் சூப்பர்வைசர்களுக்கு உட்கார ரூம் கிடையாதாம். காலை டூட்டி தொடங்கும்போது ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டால் ஆள் மாறி ஆள் உள்ளே உட்கார்ந்து டூட்டி முடியும்போதுதான் அணைப்பார்களாம். ஓடியதெல்லாம் இன்ஜின், சக்கரம் இல்லை. மீட்டர் பாவம், சக்கரம் சுற்றினால்தானே எண்ணும். அந்தப் பையன் சொன்னதை ஆரோக்கியம் திரும்பி வரும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "வண்டி எங்கயும் போனதில்லண்ணே. ஆனா நின்னதும் இல்ல."

இழுத்துக் காட்டியதால் வந்த வினை

நோன்பு பாதி போய்விட்டது. ஷார்ஜாவில் ஒரு எகிப்துக்கார இன்ஜினீயர் தன் வண்டியை விற்கப் பேப்பரில் விளம்பரம் கொடுத்திருந்தார். என் அதிர்ஷ்டம், அவர் தெருவிலேயே எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் படகும் பட்டறைக்கு வர வேண்டியிருந்தது. இழுக்காமல் வாங்குவதில்லை என்று நான் சபதம் எடுத்திருந்த நேரம். உங்கள் வண்டியில் அந்தப் படகைக் கட்டி ஒரு சுற்று போய்ப் பார்க்கலாமா என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். அவர் பின்னால் இருந்த கொக்கியை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் குனிந்து பார்த்தார் என்று நினைக்கிறேன்.

மனிதரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு புறப்பட்டேன். படகு பின்னால் வருகிறதா என்றே தெரியவில்லை, அப்படி இழுத்தது. பாலத்தில் ஏறும்போது இன்ஜின் கொஞ்சம் குரல் தாழ்த்தி உறுமியது, அவ்வளவுதான். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். பக்கத்தில் இருந்தவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அவர் பின்னால் திரும்பிப் படகையே பார்த்துக்கொண்டு வந்தார். பட்டறையில் படகை இறக்கியதும் வண்டியைச் சுற்றி வந்து அதன் முதுகில் தட்டினார். விற்க மனசில்லையாம். அடுத்த மாதம் அவரே ஒரு படகு வாங்கிவிட்டார், அதைப் பழுது பார்த்ததும் எங்கள் பட்டறைதான். விற்க மாட்டேன் என்ற அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது: "இத்தனை நாள் இதை நான் காய்கறி வாங்க ஓட்டிக்கிட்டு இருந்திருக்கேன். என்னை மன்னிச்சிரு, நண்பா."

குறை சொல்லி விற்ற மனிதர்

பெருநாளுக்குச் சில நாட்களே இருந்தன. ஊரில் மனைவிக்குப் போன் பண்ணுவதையே நிறுத்திவிட்டேன், குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவாள். அப்போதுதான் உம்முல் குவைனில் ஒரு வயதான அரபிக்காரர் மீன்பிடியை விட்டுவிட்டார், படகை விற்றாயிற்று, இழுக்கும் வண்டி நிற்கிறது என்று தகவல் வந்தது.

வண்டியைக் காட்ட அவருடைய டிரைவர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், குலம் அண்ணன் என்று பெயர், என்னைவிட நன்றாகவே மூத்தவர். நான் வாயைத் திறக்குமுன் அவரே ஆரம்பித்தார். "தம்பி, இதிலை ரண்டு குறை இருக்கு. சொல்லிப்போட்டுத்தான் காட்டுவன். வலப்பக்கக் கதவு மழைக்குத் தண்ணி விடும். ரேடியேட்டர் மாத்தினது, வண்டியோடை வந்ததில்லை. மிச்சமெல்லாம் நீரே பாரும்." வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். கடல் தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டி என்று சொன்னால் நம்ப முடியாது, ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரால் அடிப்பாகம் முழுக்கக் கழுவியிருக்கிறார். பக்கத்துப் படகு ஒன்றைக் கட்டிச் சரிவில் இறக்கி மேலே இழுத்தேன். முதல் கியரில் சக்கரம் ஒரு தடவைகூட வழுக்கவில்லை. மேலே வந்து நின்றதும் என்னையறியாமல் கண் கலங்கிவிட்டது. பிழைத்தேன் என்று நினைத்தேன்.

அரபிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். விலை பேசவே இல்லை, பாய் கொடுப்பதைக் கொடுக்கட்டும் என்றார். ஒரே ஒரு நிபந்தனை. வண்டி வேண்டுமானால் டிரைவரையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். வண்டி இல்லாமல் அவருக்குத் தன்னிடம் வேலை இல்லை, விசாவை கேன்சல் செய்தால் அந்த மனிதன் போக யாழ்ப்பாணத்தில் வீடு இல்லை, அங்கே சண்டை மறுபடி ஆரம்பித்துவிட்டது என்றார். குலம் அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

பாய்க்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி எப்படி என்று கேட்டார். நல்ல வண்டி என்றேன். டிரைவர் எப்படி என்று கேட்டார். ஏதாவது ஒரு குறை சொல்லியிருந்தால் போதும், கண் சரியில்லை என்றாலே ஓட்டுகிற வேலை என்னிடமே இருந்திருக்கும். தன் வண்டியின் குறையைத் தானே சொன்ன மனிதர் பக்கத்தில் நிற்கும்போது எனக்கு வாய் வரவில்லை. அவரும் நல்ல டிரைவர் பாய் என்றேன். அந்தப் பக்கம் பாய் சந்தோஷமாகிவிட்டார். "ரெண்டும் நல்லதா ஒரே எடத்துல கெடைக்குதுங்குற, பெறகு ஏம்பா எழவு வீட்டுலேருந்து பேசுற மாதிரி பேசுற?"

வா, வா

பெருநாள் வந்தது, வண்டியும் வந்தது, குலம் அண்ணனும் வந்தார். பாய் என்னை ஊருக்கு அனுப்பவில்லை, அதைச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவன் ஆவேன். டிரைவர் வேலை ஒன்றுதான், அது அவருக்கு; எனக்குப் பட்டறையில் படகு தேய்க்கிற வேலை. பைபர் தூசி எப்படி அரிக்கும் என்று தெரியாதவர்கள் தெரியாமலே இருங்கள். குளித்தாலும் போகாது. படுத்தாலும் விடாது. ஊரில் மனைவியிடம் இன்னும் டிரைவர் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

படகு இறக்கும் நாட்களில் மட்டும் என்னைச் சரிவுக்குக் கூட்டிப்போவார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, பின்னால் வரும் வண்டிக்கு வா, வா என்று கை காட்ட வேண்டும். நான் படுத்துப் பார்த்த வண்டி, நான் இழுத்துப் பார்த்த வண்டி, என்னை நோக்கியே மெல்ல மெல்லப் பின்னால் வரும். அதை அவர் ஓட்டுகிற பக்குவத்தில் ஒரு குற்றம் கண்டுபிடிக்க ஒவ்வொரு தடவையும் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஒரு நாள் வண்டியை நிறுத்திவிட்டு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "தம்பி, கண்ணாடியிலை உம்மைப் பாத்துத்தான் பின்னுக்கு வாறன். முகத்தைக் கொஞ்சம் நல்லா வைச்சிரும்."

பழைய வண்டியில் பார்க்க வேண்டியதையெல்லாம் எனக்கு ஆளாளுக்குச் சொல்லித் தந்தார்கள், ஆனால் ஒரு வண்டி நல்ல வண்டியாக இருந்தால் அதை அப்படி வைத்திருந்த ஒரு ஆள் ஏற்கெனவே அதன் சீட்டில் உட்கார்ந்திருப்பான் என்பதை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.